சரியல்ல என்று நான் அடித்த ஒரு வரி

போன மாதம் பிரியா போன் செய்தாள். கோர்ட்டில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்காருகிற பிள்ளை. "அக்கா, புதுசா ஒண்ணு வந்திருக்கு. சாட்சி பேசப் பேச கம்ப்யூட்டரே எழுதிருது. நம்ம கை சும்மா இருந்தாப் போதும்" என்றாள்.

"நம்ம ஊர்ப் பேச்செல்லாம் அதுக்குப் புரியுதாட்டி?"

"பாதி புரியுது, பாதிக்கு முழிக்குது."

"சாட்சி பேசாம நின்னா என்ன எழுதும்?"

"என்னத்த எழுதும்? அதும் சும்மா நிக்கும்."

"அப்ப அது என்னைய விட நல்ல டைப்பிஸ்ட்" என்றேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு உதவும், உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று அதன் பிறகு நாலு தடவை கேட்டுவிட்டாள். சரி, எழுதுகிறேன். ஆனால் என் பெருமையை எழுதுவேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவாள்.

நான் ராஜபாளையத்துக்காரி. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டேன், ஹையர் பாஸ் பண்ணினேன், சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதினேன், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கோர்ட்டில் தட்டச்சர் வேலை கிடைத்தது. எந்தக் கோர்ட் என்று கேட்காதீர்கள், அங்கே கோர்ட்டுக்குப் பஞ்சமில்லை. முப்பது வருசத்துக்கு மேல் அதே பஸ், அதே சாப்பாட்டுப் பை. மெஷின் போய் கம்ப்யூட்டர் வந்தது, வேறொன்றும் மாறவில்லை. என் ஆரம்பக் காலத்துக்கு இவ்வளவு போதும்.

தட்டச்சர் வேலை என்ன என்று வெளியாட்களுக்குத் தெரியாது. ஜட்ஜுக்கு முன்னால் கீழே ஒரு மேசை. அதில் உட்கார்ந்தால் சாட்சிக் கூண்டு நேர் எதிரே இருக்கும். வக்கீல்கள் கையிலிருக்கிற காகிதத்தைப் பார்ப்பார்கள், ஜட்ஜ் கேஸ் கட்டைப் பார்ப்பார், சாட்சியின் முகத்தை நேருக்கு நேராகப் பார்க்கிற ஒரே ஆள் தட்டச்சர்தான். சாட்சி எங்கள் ஊர்த் தமிழில் பேசுவார். "அங்கிட்டு இருந்து சரட்டுனு வந்து சாத்திப்புட்டான்யா" என்பார். காகிதத்தில் அது "எதிர்த்திசையில் வேகமாக வந்த வாகனம் மோதியது" என்று இறங்கும். ஜட்ஜ் சொல்லச் சொல்ல அடிக்க வேண்டும் என்பது முறை. பழகிய கை அவர் பாதி சொல்லும்போதே மீதியை அடித்துவிடும்.

இதில் 'சரியல்ல' என்று ஒன்று உண்டு. குறுக்கு விசாரணையின் கடைசியில் எதிர்த்தரப்பு வக்கீல் தன் கட்சியைச் சாட்சி தலையில் ஏற்றிக் கேட்பார். "நீங்கள் சொல்வது அத்தனையும் பொய் என்று சொல்கிறேன்" என்பார். சாட்சி "அய்யய்யோ, எம்பிள்ள மேல சத்தியமா இல்லய்யா" என்று பதறுவார். நாங்கள் அடிப்பது ஒரே வரி: 'நான் சொல்வது அத்தனையும் பொய் என்று சொன்னால் சரியல்ல.' வக்கீலுக்கும் பதில் தேவையில்லை. கேட்காமல் விட்டால் பின்னால் மேல்கோர்ட்டில் ஏன் கேட்கவில்லை என்று வரும், அதற்காகக் கேட்டு வைப்பது. பந்தியில் உப்பு வைத்துக்கொண்டே போகிற மாதிரி, வரிசையாகப் பத்து கேள்வி, வரிசையாகப் பத்து சரியல்ல. என் சர்வீஸில் எத்தனை அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மூளையைக் கேட்காமல் விரலே அடிக்கும்.

அடிக்கிறது டைப், ஆனால் பஸ்ஸில் எனக்கு வக்கீல் மரியாதை. கோர்ட்டில் இருக்கிற பொம்பளை என்று தெரிந்தால் போதும், பக்கத்து சீட் காலியாகவே இருக்காது. ஒருநாள் கையில் கட்டோடு ஒரு மில் தொழிலாளி வந்து உட்கார்ந்தார். "அக்கா, வேலை பாக்கையில ரெண்டு விரல் போயிருச்சு. எம்புட்டுக் கெடைக்கும்?"

"எம்புட்டுன்னு நான் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கா? சம்பளச் சீட்டு இருக்கா? எத்தன சதவீதம் ஊனம்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கினியளா? கூட வேலை பாத்தவங்க சாட்சி சொல்வாங்களா? எல்லாத்தையும் பத்திரப்படுத்துங்க. வெள்ளைத்தாள்ல யாரும் கையெழுத்துக் கேட்டாப் போட்டுராதீங்க."

"அது அன்னிக்கே போட்டுக் குடுத்துட்டேனேக்கா!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இன்னொரு கையையும் கட்டிவிடலாம் போல இருந்தது. இன்னொரு நாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி. புருசன் விட்டுவிட்டுப் போய்விட்டான், பிள்ளைக்குச் செலவு கேட்கலாமா என்றாள். "தாராளமா கேக்கலாம். கோர்ட்டுக்குள்ளயே இலவச சட்ட உதவி இருக்கு, கல்யாணப் பத்திரிகையும் பிள்ளையோட பிறப்புச் சான்றும் எடுத்துக்கிட்டு நேரா அங்க போ" என்றேன். ஜவுளிக்கடை பாய் ஒருத்தர் தங்கைக்கு எவ்வளவு பங்கு என்பார். "உங்க பங்குக் கணக்கு வேற பாய், ஜமாத்துல கேட்டுட்டு ஒரு வக்கீலயும் பாத்துருங்க" என்பேன். அப்பா சம்பாதித்த வீட்டில் பொம்பளைப் பிள்ளைக்குப் பங்கு உண்டா என்பதுதான் அதிகம் பேர் கேட்டது. "உயில் எழுதாமப் போயிட்டா மகனுக்கு உள்ளது மகளுக்கும் உண்டு. அண்ணன் தம்பி பத்திரத்த நீட்டினா, படிக்காமக் கையெழுத்துப் போடாத" என்று சொல்வேன். கேட்டுக்கொள்வார்கள், மறுவாரமே போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். எங்கள் பக்கத்து ஜனம் வாயால் ஒரு பொய் சொல்ல ஆயிரம் யோசிக்கும். கையெழுத்து என்றால் "கையெழுத்துதான, போட்டாப் போச்சு" என்று போட்டுவிடும்.

இனி ஒரு ஜட்ஜ் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எத்தனையோ ஜட்ஜுகளிடம் வேலை பார்த்தேன், அவரிடம் பார்த்த மூன்று வருசம்தான் மனதில் நிற்கிறது. அதிகம் பேச மாட்டார். அவருக்கு 'ம்' ஒன்று போதும். மேலே ஏறும் 'ம்' என்றால் மேலே சொல்லுங்கள். தட்டையான 'ம்' என்றால் போதும், உட்காருங்கள். மூக்கு வழியாக வரும் 'ம்' வந்துவிட்டால் பெரிய பெரிய வக்கீலும் தொண்டையைச் செருமிக்கொள்வார். சாட்சி வயதானவர் என்றால் முதலில் ஸ்டூல் போடச் சொல்வார், தண்ணீர் கொடுக்கச் சொல்வார். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை காத்திருப்பார். அப்படி ஒரு காத்திருப்பை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும், வக்கீல்கள் நெளிவார்கள், அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டு சாட்சியையே பார்த்துக்கொண்டிருப்பார். வாக்குமூலத்தை முழுதாகப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்க விடமாட்டார். "படிச்சுக் காட்டப்பட்டதுன்னு அடிக்கிறீங்கல்லம்மா, அப்பப் படிச்சுத்தான காட்டணும்?" என்பார்.

நல்லவர்தான், ஆனால் தங்கக் கம்பி என்று நினைக்க வேண்டாம். ஓர் எழுத்துப் பிழை கண்டால் முழுப் பக்கத்தையும் மறுபடி எடுக்கச் சொல்வார். எல்லார் முன்னாலும் பக்கத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடிப்பார், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் கூசும். அந்தக் கூச்சத்துக்கும் நான் செய்த தப்புக்கும் சம்பந்தம் உண்டு.

அது ஒரு பாகப்பிரிவினை வழக்கு. ராஜபாளையத்தில் ஒரு வீடு. மகள் சரசு, மகன் கணேசன். ஊர் இருக்கட்டும் என்று பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். சரசு புருசனோடு ஒத்துவராமல் தகப்பன் வீட்டுக்கு வந்தவள். பின்கட்டில் தையல் மெஷின் போட்டு, தளவாய்புரத்திலிருந்து நைட்டித் துணி வாங்கித் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தகப்பனார் படுக்கையில் விழுந்த பிறகு அவருக்குச் செய்ததெல்லாம் அவள்தான். அவர் போய்ப் பதினாறு முடிந்ததும், வீடு முழுக்கத் தனக்கே என்று அப்பா எழுதிவைத்ததாக ஓர் உயிலை எடுத்து நீட்டினான் கணேசன். பதிவு செய்யாத உயில். அவள் பங்கு கேட்டு வழக்குப் போட்டாள். உயில் நின்றால் மெஷினைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டும். உயில் விழுந்தால் பாதி வீடு அவளுக்கு.

உயில் நிற்க வேண்டுமானால் அதில் கையெழுத்துப் போட்ட சாட்சி ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். எழுதியவரும் சாட்சியும் ஒருவர் பார்க்க ஒருவர் போட்டிருக்க வேண்டும். சாட்சி இரண்டு பேரில் ஒருவர் செத்துப்போனார். மிச்சம் இருந்தவர் தேவதானத்துப் பெரியவர், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர், சரசுவின் அப்பாவுக்குச் சின்ன வயதுச் சிநேகிதர். பட்டாளத்தார் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். சரசுவுக்கும் கணேசனுக்கும் அவர் மாமா முறை.

கணேசன் தரப்பில் அவர் வந்தார். வெள்ளை வேட்டி, முறுக்கிவிட்ட நரைமீசை, ஸ்டூலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு விறைப்பாக நின்றார். இப்போதெல்லாம் சாட்சியின் முதல் விசாரணை எழுதிக்கொண்டு வந்த காகிதத்திலேயே முடிந்துவிடும். வக்கீல் அலுவலகத்தில் தயார் செய்தது. "இதுல உள்ளது உங்க கையெழுத்தா?" என்று கேட்டார்கள். "ஆமா" என்றார். அவ்வளவுதான். பிறகு சரசுவின் வக்கீல் எழுந்தாள். புதுப் பிள்ளை, கேள்விகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள்.

காலையிலேயே இரண்டு பக்கம் 'எலி'யாகித் தூக்கிக் காட்டப்பட்டிருந்தது. நான் எரிச்சலில் இருந்தேன். அந்த நேரத்தில் வேறொரு வக்கீல் அவசரத் தடையாணை மனுவோடு ஓடிவர, ஐயா அதைக் கையில் வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். "நீங்க நடத்துங்கம்மா" என்றார். அந்தப் பிள்ளை தாளிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டுக்கொண்டே போனாள். நான் அடித்துக்கொண்டே போனேன்.

"கணேசனுக்காகப் பொய் சாட்சி சொல்கிறீர்கள் என்கிறேன்." அவர் "அதெல்லாம் இல்ல" என்றார். சரியல்ல.

"இறந்தவர் அந்த உயிலில் கையெழுத்துப் போட்டபோது நீங்கள் அந்த இடத்திலேயே இல்லை என்கிறேன்."

பட்டாளத்தார் வாயைத் திறந்தார், மூடினார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த சரசுவைப் பார்த்தார். பிறகு கூண்டுக் கம்பியைப் பார்த்தார். ஒரு வார்த்தை வரவில்லை. நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தபோது திரையில் வரி முடிந்திருந்தது: 'நான் அந்த இடத்தில் இல்லை என்று சொன்னால் சரியல்ல.' அந்தப் பிள்ளை அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் அடித்துவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். கையைத் தூக்கி, "ஐயா, சாட்சி பதில் சொல்லல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்றாவது தடவையாக அன்றைக்கு எல்லார் முன்னாலும் குட்டுப்பட மனசு வரவில்லை. இது என்ன புதுசா, எல்லாரும் சொல்வதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாப்பாட்டு நேரம் வந்தது, ஐயா அந்த மனுவோடே உள்ளே போய்விட்டார். பெரியவருக்குப் பஸ் போய்விடும் என்று கணேசன் பறந்தான். படித்துக் காட்டாமலே பெஞ்ச் கிளார்க் கையெழுத்து வாங்கினார். 'படித்துக் காட்டப்பட்டு சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது' என்பதும் என் விரல் தானாக அடித்ததுதான். ஒரே பக்கத்தில் இரண்டு பொய்.

மறுநாள் வராந்தாவில் சரசு என்னை மறித்தாள். "அக்கா, நேத்து பின்னால உக்காந்திருந்தேன், ஒண்ணும் காதுல விழல. மாமா என்ன சொன்னாக? வக்கீலம்மாட்ட கேட்டா எல்லாம் மறுத்துட்டாருங்காக. மாமா அப்படிச் சொல்ற ஆளு இல்லக்கா."

"நகல் மனுப் போட்டு வாங்கிப் பாத்துக்கம்மா" என்றேன். சட்டப்படி சரியான பதில். சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அவள் நகல் வாங்கினாள். கணேசன் தரப்பும் வாங்கியது.

நாலு நாள் போயிற்று. என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம், மெமோ வந்தால் அடுத்த சம்பள உயர்வு போகும், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், இதெல்லாம் மனதில் ஓடியது. ஐந்தாம் நாள் காலை பஸ்ஸில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "ஏன்க்கா, அப்பன் வீட்டுல நமக்கெல்லாம் நெசமாவே பங்கு குடுப்பாகளா?" பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஐயாவின் அறைக்குப் போய்விட்டேன்.

நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. 'ம்' கூடச் சொல்லவில்லை. முடித்ததும் பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"அவர் தலையையாவது ஆட்டினாராம்மா?"

"இல்லீங்கய்யா. சும்மா நின்னாரு."

"சும்மா நின்னா என்ன அடிக்கணும்?"

"சாட்சி பதில் சொல்லவில்லைன்னு அடிக்கணும்யா."

"ம்." எந்த வகையிலும் சேராத ஒரு 'ம்'. "ரெக்கார்டைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்ல. சாட்சியத் திரும்பக் கூப்பிட்டுக் கேக்க இருக்கு. கூப்பிடுவோம். உங்களுக்கு மெமோ உண்டு."

"சரிங்கய்யா."

"நானும் கவனிக்காம இருந்திருக்கேன். எனக்கு மெமோ குடுக்க இங்க ஆள் இல்ல. அதனால ஆர்டர்ல எழுதுறேன்." எழுதவும் செய்தார். 'அச்சமயம் நீதிமன்றம் வேறொரு மனுவைப் பரிசீலித்துக்கொண்டிருந்தது' என்று அவர் சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன்.

அடுத்த வாரம் பட்டாளத்தார் மறுபடி வந்தார். ஒரு வாரத்தில் மனிதர் பத்து வயது கூடினவர் மாதிரி இருந்தார். ஸ்டூல் போட்டதும் உட்கார்ந்துவிட்டார். கணேசன் முன்வரிசையில் இருந்தான். சரசுவைப் பார்த்தால் சாட்சி சங்கடப்படுவார், வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் அவள் வக்கீல்.

ஐயாவே கேட்டார். "உங்க சிநேகிதர் உயில்ல கையெழுத்துப் போடும்போது நீங்க கூட இருந்தீங்களா?"

"அன்னிக்கே சொல்லிட்டேன்யா. அதுல எழுதியிருக்கு."

"என்ன எழுதியிருக்கு?"

அவர் எழுந்து நின்றார். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டார். அணிவகுப்பில் நம்பர் சொல்கிற குரலில் சொன்னார்: "நான் அந்த இடத்தில் இல்லை என்று சொன்னால் சரியல்ல."

என் சர்வீஸில் எந்தச் சாட்சி வாயிலிருந்தும் அந்தச் சொல் வந்ததில்லை. அது எங்கள் காகிதத்தில் மட்டும் இருக்கிற சொல். நகலை வைத்துக்கொண்டு அவருக்கு யாரோ பாடம் படித்துக் காட்டியிருக்கிறார்கள். நான் அடித்த வரி அவர் வாய்க்குள் போய்த் திரும்பி வந்து என் முன்னால் நின்றது.

ஐயா கோபப்படவில்லை. "பெரியவரே, நீங்க அன்னிக்கு அப்படிச் சொல்லல" என்றார். "அந்தக் கேள்விக்கு நீங்க பதிலே சொல்லல. வழக்கமா எல்லாரும் மறுப்பாங்க, அந்தப் பழக்கத்துல டைப் அடிச்சவங்க அடிச்சுட்டாங்க. அவங்களே வந்து எங்கிட்டச் சொன்னாங்க."

கணேசனின் வக்கீல் எழுந்தார். மூக்கு வழியாக ஒரு 'ம்' வந்தது. உட்கார்ந்துவிட்டார்.

பட்டாளத்தார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "நான் வாயத் தொறக்கலியா தாயி?"

கோர்ட் நடக்கும்போது தட்டச்சர் பேசக்கூடாது. நான் ஐயாவைப் பார்த்தேன். மேலே ஏறும் 'ம்' வந்தது.

"இல்லய்யா" என்றேன். "நீங்க ஒண்ணுமே சொல்லல. சும்மா நின்னிய. அது என் தப்பு."

"அப்ப நான் பொய் சொல்லலையா?"

"சொல்லலய்யா."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "'இந்தாங்க மாமா, நீங்களே சொல்லியிருக்கிய, கையெழுத்தும் இருக்கு'ன்னு கணேசன் கொண்டாந்து படிச்சுக் காட்டுனான்யா. நமக்கு வயசாயிப் போச்சு, நம்மளயறியாமலே நாக்கு பொரண்டுருச்சுபோலன்னு நெனச்சேன். சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லிட்டமே, இனி மாத்திச் சொன்னா அது ரெண்டாவது பொய்யால்ல ஆயிரும்னு..." முடிக்க முடியவில்லை. கோர்ட் டபேதார் தண்ணீர் கொடுத்தார்.

"காகிதத்துல கையெழுத்துப் போட்டு முதல்ல தாக்கல் பண்ணினீங்களே, அதுல கூட இருந்தேன்னுதான இருக்கு?" என்றார் ஐயா.

"அத நான் படிக்கலய்யா. உயிலயும் படிக்கல. கணேசன் தம்பி எங்க வீட்டுக்குக் கொண்டாந்தான். அப்பா போட்டுட்டாக, நீங்களும் ஒண்ணு போடுங்க மாமான்னான். கையெழுத்துதானன்னு போட்டேன். என் சிநேகிதன் கையெழுத்துப் போட்டத நான் பாக்கல. நான் போட்டத அவன் பாக்கல. நான் அங்க இல்ல."

நான் அடிக்கவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்திருந்தேன். அவர் சொல்லி முடித்து, ஐயா ஒவ்வொரு வரியாகச் சொன்ன பிறகுதான் அடித்தேன். முழுக்கப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் "சரி" என்றார். கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டியபோது சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார். "நானும் ஒருக்கா படிச்சுக்கிடுதேன் தாயி" என்றார். விரலை வைத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு போட்டார்.

உயில் விழுந்தது. சரசுவுக்குப் பாதி வீடு. எனக்கு மெமோ வந்தது, விளக்கம் கொடுத்தேன், எச்சரிக்கையோடு முடிந்தது. அது என் பணிப்பதிவேட்டில் இன்னும் இருக்கிறது, இருக்கட்டும்.

கதை இதோடு முடிந்ததென்றுதான் இத்தனை வருசமும் நினைத்துக்கொண்டிருந்தேன். பிரியா எழுதச் சொல்லிக் கேட்டாளா, எழுதுவதற்கு முன் சம்பந்தப்பட்டவளை ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று போன வாரம் சரசு வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் இப்போது நாலு மெஷின் ஓடுகிறது. கோர்ட்டில் பார்த்த முகம் என்று அவளுக்கு லேசாக ஞாபகம் வந்தது. உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். பட்டாளத்தாரைப் பற்றிக் கேட்டேன்.

"அவுக போய்ச் சேந்து ஒரு வருசமாச்சுக்கா" என்றாள். முகம் இறுகிப்போயிருந்தது. "நான் கேதத்துக்குப் போகல."

"ஏன்?"

"மொதல்ல அண்ணனுக்காகப் பொய் சொன்னவுகதான? பொறவு மாத்திச் சொன்னாக. இல்லன்னு சொல்லல, அதுல எனக்கு வீடு வந்துச்சு. ஆனாலும் அந்த மொதத் தடவ சொன்னது மனசுல கெடந்து அறுத்துச்சுக்கா. அவுக தூக்கி வளத்த பிள்ளை நான், என்னையப் பாத்துக்கிட்டே எப்படிச் சொல்ல மனசு வந்துச்சு? காசு வாங்கிட்டு மாத்திட்டாருன்னு அண்ணன் ஊரெல்லாம் சொன்னான், நானும் அவுகளுக்காக ஒரு வார்த்தை பேசல. தீர்ப்பு வந்த பொறவு ஒருநாள் இங்க வந்தாக. வாசல்ல நின்னாக. நான் மெஷின விட்டு எந்திரிக்கல. செத்த நேரம் நின்னுட்டுப் போயிட்டாக."

மெஷின் டிராயரைத் திறந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்தாள். நான் வாங்கிக்கொள்ளச் சொன்ன அந்த முதல் நகல். மடித்த இடமெல்லாம் நைந்திருந்தது. கோர்ட்டின் கேஸ் கட்டில் உண்மை ஏறிவிட்டது, இவள் டிராயரில் ஏறவில்லை. மாமா மாத்திச் சொன்னார், வழக்கு ஜெயித்துவிட்டது என்பதற்கு மேல் இவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை. ராஜபாளையத்துக்குள்ளேயே இருந்துகொண்டு இத்தனை வருசம் சொல்லவில்லை.

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். "அவரு மாத்திச் சொல்லலம்மா. மொதத் தடவ அவரு வாயே தொறக்கல. உன்னையத்தான் பாத்துக்கிட்டு நின்னாரு. அந்த வரி நான் அடிச்சது."

நாலு மெஷினும் நின்றுவிட்டன. சரசு திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்தக் காகிதத்தை என் பக்கம் தள்ளி, துணியில் குறி போடுகிற பேனாவை எடுத்துக் கொடுத்தாள். நான் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு மேலே எழுதினேன்: சாட்சி பதில் சொல்லவில்லை. பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். ஓய்வுபெற்றவளுக்கு அந்த அதிகாரம் கிடையாது. போட்டேன்.

"மாமா போன பொறவும் அத்தை தேவதானத்துலதான் இருக்காக" என்றாள் சரசு. "பஸ் இருக்கும். வாரீகளாக்கா?"

சேத்தூர் வழியாகத் தேவதானம் போகிற பஸ்ஸில் ஏறினோம். இறங்கி, சரசு வழி காட்ட நடந்தோம். கதவு திறந்திருந்தது. சரசு படியில் ஏறாமல் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உள்ளிருந்து ஒரு வயதான அம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தபடி வந்தார்கள்.

"யாரு, சரசா? என்னத்துக்குட்டி வாசல்லயே நிக்க? உள்ள வா."